மஞ்சள் தூண்

சரகோசா
4 அக்டோபர் 1993

ஞானத்தாய் ஒரோசியா அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்கள் விடுதியின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் குரலைக் கேட்க விருப்பமில்லை. தாளில் எழுதினால் குறுக்கே பேசமாட்டீர்கள்.

விஷயம் இதுதான். அஸ்கூன் மலையிடுக்கின் பாறைச் சுவர்களைச் சோதித்து, பாலத்திலிருந்து சிற்றாலயம் வரை போகிற நடைபாதை மனிதர்கள் நடக்கத் தகுந்ததா என்று சொல்ல, பூங்கா அலுவலகம் ஒரு நிலவியலாளரை அமர்த்தியிருக்கிறது. அந்த ஆள் நான்தான். லனாவு என்ற குடும்பப் பெயரைப் பார்த்து அங்கே யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. ஒன்பது வருடம் ஆயிற்றே, மறந்திருப்பார்கள்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊவெஸ்கா நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "செத்த ஆட்டுக்குள்ள எட்டி விஷத்தை வச்சது சில்வெஸ்த்ரே லனாவுதான், என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றீர்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என் தலையைத் தாங்கிய கைதான் அன்றைக்குச் சத்தியம் செய்ய உயர்ந்தது.

அஸ்கூனில் அன்றைக்கு விஷம் வைக்காத வீடு எது? நரிக்கு வைத்தார்கள், ஓநாய்க்கு வைத்தார்கள், அண்டை வீட்டு நாய்க்கும் வைத்தார்கள். உங்களுக்கு எல்லாப் பெயரும் தெரியும். சொன்னது ஒன்றே ஒன்று, சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவனின் பெயர். மேய்ச்சல் உரிமை போனது, மந்தை போனது. அப்பா சரகோசாவில் ஆறாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில், சன்னலில் புறாக்களைப் பார்த்துக்கொண்டே எட்டு வருடம் உட்கார்ந்திருந்து போன பிப்ரவரியில் செத்துப்போனார். நீங்கள் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஒரு பாலாடைக்கட்டி அனுப்பினீர்கள். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன், கிடைத்திருக்கும்.

அஸ்கூனோ இன்றைக்குப் பறவைகளால் வாழ்கிறது. எலும்புடைப்பான் கழுகைக் காட்டும் அம்மா என்று பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தேன். அந்தப் பாதையை மூடினால் உங்கள் விடுதிக்கு வேறு வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் வருகிறேன். அறை தயார் செய்ய வேண்டாம். வேண்டிய பாறைகளைப் பார்ப்பேன், வேண்டியதை எழுதுவேன். இவ்வளவு காலம் இதற்காகத்தான் படித்தேனோ என்று தோன்றுகிறது.

உர்பெஸ் லனாவு


அஸ்கூன்
22 அக்டோபர்

உர்பெஸ்,

வந்த, பார்த்த, போயிட்ட. என் வாசலுக்கு எதிர்ல இருக்கிற பாறையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து டப்பா மீன் தின்ன. ஊரே சன்னலுக்குப் பின்னால நின்னு பார்த்துச்சு. ரொட்டித்தூள்ல திராட்சை போட்டு மிகாஸ் கிளறி நானே கொண்டுவந்து வச்சேன். சின்ன வயசுல சட்டியைக் கவுத்து வழிச்சுத் தின்ன ஆளுதான நீ. அதை அப்படியே தூக்கி நாய்க்கு வச்ச. நாய் வாலையாவது ஆட்டிச்சு.

உன் கழுத்து அப்படியே உங்கப்பன் கழுத்து. கோவம் வந்தா முன்னாடி நீளும்.

நீ என்ன எழுதப் போறேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நான் சொல்றதையும் படிச்சுக்கோ. எல்லாரும் விஷம் வச்சாங்க, உண்மை. என் புருஷன் பிஸேனும் வச்சான். அவன் டப்பாவை நான் எடுத்துச் சாணிக்குழிக்கு அடியில புதைச்சேன், ஒரு மாசம் என்கூட பேசல. அப்புறம் வீடு வீடாப் போனேன். இந்தப் பக்கத்து மலை முழுக்க மிஞ்சினது அந்த ஒரு ஜோடி எலும்புடைப்பான்தான், விட்டுடுங்கடான்னு கெஞ்சினேன். முணுமுணுத்துக்கிட்டே விட்டாங்க. உங்கப்பன்கிட்டயும் போனேன். "பறவைக்கு வக்கீலா ஆயிட்டியா ஒரோசியா, ஃபீஸ் எலும்பாத் தருமா?"ன்னு கேட்டுச் சிரிச்சான். மறுநாளே வச்சான்.

நான் பார்த்தேன், சொன்னேன். இன்னைக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அந்தப் பெண் பறவை செம்மண்ணுல புரண்டு வயிறெல்லாம் செவந்து கிடக்கும், பார்த்திருப்ப. சிற்றாலயத்துப் படியில விழுந்து, இறக்கையை அடிச்சு அடிச்சு, கடைசியில விறைச்சுப்போச்சு. ஆண் பறவை ஆத்துல கிடந்துச்சு. அதைப் பார்த்துட்டும் வாயை மூடிக்கிட்டு உனக்கு ஞானத்தாயா இருக்கணும்னா, அந்தப் பட்டமே எனக்கு வேண்டாம்.

சில வருஷமா மறுபடியும் ஒரு ஜோடி இங்க இருக்கு. பாதைக்கு மேல நிக்கிற மஞ்சள் தூண் பாறையோட பொந்துல இப்போ ஆட்டு ரோமம் கொண்டுபோய்த் திணிக்குதுங்க. பொய்யா எதையாவது எழுதிப் பாதையை மூடினேன்னா, பூங்கா ஆபீஸ் இருக்கிற ஊவெஸ்காவுக்கு பஸ் இருக்கு. நீ யாரு பிள்ளைன்னு அங்க போய்ச் சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு.

ஒரோசியா


சரகோசா
30 நவம்பர்

ஞானத்தாய் அவர்களுக்கு,

அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. பாலத்திலிருந்து சிற்றாலயம் வரை பாதையை உடனே மூட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. பொய் எழுதத்தான் வந்தேன். சரகோசாவிலிருந்து கிளம்பும்போதே முதல் பத்தி மனதில் தயாராக இருந்தது. அப்புறம் மஞ்சள் தூணின் உச்சிக்குப் போனேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரிசல் இருக்கிறது. கையை விட்டேன், தோள் வரை உள்ளே போயிற்று. கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் அடித்தது. நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன் ஞானத்தாயே. பொய்க்கு அவசியமே இல்லை. மலை எனக்காக உண்மையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தூண் முழுவதும் சுண்ணாம்புக்கல், கடலுக்கடியில் படிந்தது, கெட்டியானது. அது உட்கார்ந்திருப்பதோ நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு மண்கல் படுகையின் மேல். அது காய்ந்திருந்தால் கல், நனைந்தால் சோப்பு. மேலே விரிசலில் பனித்தண்ணீர் இறங்குகிறது, இரவில் உறைந்து ஆப்பு அடித்த மாதிரி தள்ளுகிறது. பகலில் உருகிக் கீழே போய்ச் சோப்பை நனைக்கிறது. உங்கள் தேவாலயக் கோபுரங்கள் நாலைந்தை ஒன்றாகக் கட்டியது போன்ற பாறை, பாதைக்கு நேர் மேலே, அப்படித்தான் நிற்கிறது. இந்த வசந்தத்தில் விழும் என்று என் கணிப்பு. அடுத்த வசந்தம் வரை நின்றால் ஆச்சரியம்.

ஆக உங்கள் டச்சுக்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் எழுதி, வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விடுதிக்குப் பூட்டு வாங்கும்போது நல்ல பூட்டாக வாங்குங்கள். அப்பாவின் ஆட்டுப்பட்டியில் தொங்கிய பூட்டு முதல் குளிரிலேயே துருப்பிடித்தது.

உர்பெஸ்


அஸ்கூன்
19 ஜனவரி 1994

உர்பெஸ்,

ஊவெஸ்காவுக்குப் போயிட்டு வந்தேன்.

அறிக்கையை எழுதினது யாரு பிள்ளைன்னு அங்க சொன்னேன். பெரிய அதிகாரி மரியாதையாத்தான் உக்கார வச்சாரு. லனாவு நல்ல படிப்பாளி, எங்களுக்கு அவர்மேல நம்பிக்கை இருக்குன்னாரு. நான் வாதாடல. பையைத் திறந்து உன்னோட அக்டோபர் கடிதாசியை எடுத்து மேசையில வச்சேன். "வேண்டியதை எழுதுவேன்"னு நீ எழுதின இடத்துல விரல வச்சுக் காட்டினேன். அவரு ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. நவம்பர் கடிதாசியும் வேணுமான்னு கேட்டேன். போதும்மா போதும்னாரு.

உன் அறிக்கையைத் தூக்கிப் போட்டுட்டாங்க. பதிலுக்கு ஒரு இன்ஜினியரை அனுப்பினாங்க. பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு வந்தாரு. பாலத்துல நின்னு அண்ணாந்து பார்த்தாரு, பனி கொட்டுதுன்னு திரும்பி வந்து என் அடுப்படியில உக்காந்தாரு. சுட்ட ஆட்டுக்கறி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அந்தத் தூண் என் கொள்ளுப்பாட்டன் காலத்துல இருந்து நிக்குதுன்னு சொன்னேன், தலையாட்டினாரு. பாதை திறந்தே இருக்கும்.

உன் வாய்தான் உன்னைக் கெடுத்துச்சு. பழி வாங்குறவன் மூச்சு விடக்கூடாது. நீயோ ஊர் கேக்க அறிவிச்சுட்டு வந்த.

தூணு பக்கத்துல முட்டை வச்சாச்சு. ஆணும் பொண்ணும் மாறி மாறி உக்காருதுங்க. பனி முதுகுல கொட்டுது, அசையல. ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்கப்பன் கெட்டது செஞ்சாலும் தன் கையால செஞ்சான். நீ முத்திரையடிச்ச தாளால செய்யப் பார்த்த.

ஒரோசியா


சரகோசா
8 பிப்ரவரி

ஒரோசியா,

பூங்கா என் ஒப்பந்தத்தை ரத்துசெய்துவிட்டது. இனி எந்த மலையிலும் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. "சொந்தப் பகையை வேலையில் கலந்தவர்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அப்பனுக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்தீர்கள். அதிலும் உண்மையை வைத்துத்தான் செய்தீர்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை.

சரி. இனி என்னிடமிருந்து யாருக்கும் ஒரு எச்சரிக்கையும் வராது. தூண் விழட்டும். நான் இங்கே கடையில் காப்பி குடித்துக்கொண்டே பத்திரிகையில் படித்துக்கொள்கிறேன். நீங்கள் எப்போதும் கூட்டத்துக்கு முன்னால்தானே நடப்பீர்கள், குச்சியை ஊன்றிக்கொண்டு, மேலே கையைக் காட்டிக்கொண்டு. அப்படியே நடங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள். மஞ்சள் கல்லின் அழகைப் பற்றி விரிவாகவே சொல்லுங்கள்.

உங்களுக்காக ஒரு பாலாடைக்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் இறுதிச் சடங்குக்கு அனுப்ப.

உ.


அஸ்கூன்
20 பிப்ரவரி

உன் சாபத்தைப் புகைபோக்கியில தொங்கவிட்டிருக்கேன், நல்லாக் காயட்டும்.

புனித வாரத்துக்கு விடுதி நிறைஞ்சிருச்சு. வெளிநாட்டுக்காரங்க ஒரு வேன் நிறைய வராங்க. பக்கத்து ஊர் லார்பேசாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் டீச்சரோட வருதுங்க. குஞ்சு பொரிச்சாச்சு, அதைக் காட்டணும். சொன்ன மாதிரியே நான் முன்னாடி நடப்பேன். முழங்கால் மட்டும்தான் மக்கர் பண்ணுது, அதுக்கும் நீதான் காரணம்னு வேணா எழுதிக்கோ.

ஒரோசியா


சரகோசா
17 மார்ச்

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கூட்டிக்கொண்டு போகும்போது இரண்டு குச்சி வைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் சுமை குறையும்.

பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பூங்கா அலுவலகத்துக்குப் பல தடவை தொலைபேசியில் பேசினேன். பெயரைச் சொன்னதும் வைத்துவிடுகிறார்கள். லார்பேசாப் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். "உங்க விஷயம் எங்களுக்குத் தெரியுங்க" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் எப்படியும் போவீர்கள். போவதானால் அதிகாலையில், தரை உறைந்திருக்கும்போதே தூணைத் தாண்டிவிடுங்கள். வெயில் சுவரில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் யாரும் வேண்டாம். திரும்பும்போது எதிர்ப்பக்கக் காட்டு வழியாக இறங்குங்கள், சுற்றுதான், பரவாயில்லை. தூணின் அடியில், சாம்பல் படுகையிலிருந்து எப்போதும் ஒரு சின்ன ஊற்று கசியும், உங்களுக்குத் தெரியும், பாட்டிலில் பிடிப்பார்களே. போவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தத் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நடங்கள். பால் மாதிரி கலங்கி வந்தால், யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வேறொன்றும் இல்லை. பத்திரமாகப் போய் வாருங்கள்.

உர்பெஸ்


அஸ்கூன்
6 ஏப்ரல்

உர்பெஸ்,

பத்திரிகையில பார்த்திருப்ப. இருந்தாலும் நான் சொல்றதுதான் சரியான கதை.

நீ திட்டி எழுதின வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல. எதிரி கத்தினா அவன் கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். மார்ச் கடிதாசியைப் பிரிச்சேன், முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டிருக்க. அங்கயே பயம் வந்துருச்சு. என்னை இவ்வளவு வெறுக்கிறவன் என் முழங்காலை விசாரிக்கிறான்னா, நான் சாகப்போறது அவனுக்கு உறுதியாத் தெரிஞ்சிருக்கு. அடுப்புல இருந்ததை இறக்கி வச்சுட்டு அப்பவே போய்ப் பார்த்தேன். தண்ணி தெளிவா இருந்துச்சு. பெரிய வியாழன் வரைக்கும் தினமும் போய்ப் பார்த்தேன், தெளிவாத்தான் இருந்துச்சு. உன்னைத் திட்டிக்கிட்டே திரும்பி வருவேன்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில, பிள்ளைகள் வர்றதுக்கு முன்னாடி போனேன். சுண்ணாம்பு அடிக்கிற வாளியைக் கவுத்த மாதிரி வெள்ளையா ஓடுச்சு.

திரும்பி வந்து பாலத்துக்குக் குறுக்க டிராக்டரை நிறுத்தினேன். சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். டீச்சர் கோவிச்சுக்கிச்சு. வேன்ல வந்த பெரிய மனுசன் ஒருத்தர், இவ்வளவு தூரம் வந்தது எதுக்குன்னு கத்தினாரு. மேயர் வந்தாரு. "பாதை திறந்திருக்குன்னு தாள் இருக்கு ஒரோசியா, நீயே அலைஞ்சு வாங்கின தாளு"ன்னாரு. நான் டிராக்டர் மேல ஏறி உக்காந்துட்டேன். தூணு விழும்னு யாரு சொன்னதுன்னு கேட்டாரு. சில்வெஸ்த்ரே பையன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளைகளை மேல் புல்வெளிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் மலையாட்டுக் கூட்டத்தைக் காட்டுங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னேன், போனாங்க.

மத்தியானம் விழுந்துச்சு. முதல்ல சத்தமே இல்ல. தூணு கொஞ்சம் கீழ இறங்கின மாதிரி இருந்துச்சு, நாற்காலியில இருந்து எழுந்திருக்கப் பார்த்து முடியாம மறுபடியும் உக்கார்ற கிழவன் மாதிரி. அப்புறம் முன்னாடி சாஞ்சுச்சு. தூசி அடங்குற வரைக்கும் பாலத்துல நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. பாதை இல்ல. ஆறு நின்னுபோய்க் குளமாச்சு. மேயர் என் பக்கத்துல வந்து நின்னாரு.

பொந்து தூணோட போயிருச்சு. குஞ்சும் போச்சு. ரெண்டு பெரிய பறவையும் சாயங்காலம் வரைக்கும் தூணு இருந்த இடத்துல வெறும் காத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. போன தடவை இவன்தான்னு விரலை நீட்ட ஒரு ஆள் இருந்தான். இந்தத் தடவை கல்லு.

ஊவெஸ்காவுல இருந்து வந்தவங்ககிட்ட உன் பேரைத்தான் சொன்னேன். நீ சொன்னது உண்மை, நான் நம்பலன்னு சொன்னேன். உனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அதுக்காக நன்றி எழுதாத. உங்கப்பன் விஷயத்துல நான் ஒரு எழுத்துகூட மாத்திச் சொல்ல மாட்டேன்.

ஒரோசியா


சரகோசா
12 ஜூன்

ஞானத்தாய் அவர்களுக்கு,

நன்றி எழுதவில்லை.

பூங்கா என்னைத் திரும்பக் கூப்பிட்டது. மன்னிப்புக் கேட்டார்கள். சிற்றாலயத்துக்கும் மேல் மலைக்கும் போக ஒரு புதுப் பாதை குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடந்து பார்த்துவிட்டேன், இரண்டு வழி இருக்கிறது. ஒன்று லார்பேசாவிலிருந்து தொடங்குகிறது. அது வந்தால் அஸ்கூன் பக்கம் ஒரு வண்டியும் திரும்பாது. இன்னொன்று உங்கள் வாசலிலிருந்து கிளம்பி, என் அப்பாவின் ஆட்டுப்பட்டி வழியாக ஏறி, எதிர்ச் சுவரின் விளிம்பில் போகிறது. பாறை இரண்டிலும் உறுதி. எதைக் குறிப்பது என்பது என் கையில்.

முதலில் லார்பேசா என்றே கோடு போட்டேன். உங்கள் விடுதியில் ஒட்டடை படிவதை வருடம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசை. பிறகு அது சின்னப் பழியாகத் தோன்றியது. விடுதி போனால் ஊரே உங்களுக்காக இரங்கும், ரொட்டி கொண்டுவந்து கொடுக்கும். பிள்ளைகளைக் காப்பாற்றிய அம்மா என்று இப்போதே சொல்கிறார்களாம். என் அப்பாவுக்கு யாரும் இரங்கவில்லை.

எனக்கு வேண்டியது வேறு. பாதை உங்கள் வாசலிலிருந்து கிளம்பட்டும். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் ஆட்டுப்பட்டியில் நிறுத்தி, இந்த மலையில் எலும்புடைப்பான் எப்படி அழிந்தது என்று சொல்ல வேண்டும். விஷம் வைத்த எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் பிஸேனில் தொடங்கி, மேயரின் அப்பா, ரொட்டிக் கடைக்காரியின் கணவர், கோயில் மணி அடித்தவர் வரை. ஒன்று விடாமல், ஒவ்வொரு நாளும், உரக்க. ஊர்க்காரர்கள் கூட நின்றாலும் சரி. உங்களுக்கு உண்மைதானே பிடிக்கும்? முழுவதையும் சொல்லிப் பாருங்கள். கடைக்குப் போனால் யாரும் பேசாத ஊரில், தெருவில் எதிரே வருபவன் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிற ஊரில், என் அப்பா கடைசிக் கோடைகாலத்தைக் கழித்தார். நீங்களும் கழியுங்கள்.

சம்மதமா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உர்பெஸ்


அஸ்கூன்
20 ஜூன்

சம்மதம்.


அஸ்கூன்
16 அக்டோபர் 1994

உர்பெஸ்,

பாதை திறந்தாச்சு. திறப்பு விழாவுக்கு உன்னை மேயர் கூப்பிட்டாராம், நீ வரலன்னு சொல்லிட்டியாம். ஏன்னு எனக்குத் தெரியும், அதைக் கடைசியில சொல்றேன்.

ரிப்பன் வெட்டினாங்க, மேளம் அடிச்சாங்க. வெளியூர்க்காரங்களும் ஊர்க்காரங்களும் கலந்து என் பின்னாடி ஏறி வந்தாங்க. ஆட்டுப்பட்டியில நின்னேன். கூரை பாதி இல்ல, உள்ள முள்ளுச்செடி முளைச்சிருக்கு. மூச்சு வாங்கிட்டுச் சொன்னேன். இங்க ஒரு ஜோடி இருந்துச்சு, அதை நாங்க கொன்னோம்னு ஆரம்பிச்சேன். அப்புறம் பேரு.

நீ பிஸேன்ல தொடங்கச் சொன்ன. நான் அப்படிச் செய்யல. சில்வெஸ்த்ரே லனாவுன்னுதான் முதல்ல சொன்னேன். அந்த ஜோடி செத்தது அவன் வச்ச விஷத்துல, அதை வரிசை மாத்த எனக்கு உரிமை இல்ல. ரெண்டாவது என் புருஷன். அவன் கல்லறை அங்க இருந்து தெரியும். அப்புறம் மத்தவங்க. மேயரோட அப்பா பேரு வந்தப்போ மேயர் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. அவர் பின்னாடி பாதி ஊரு இறங்கிச்சு. நான் நிறுத்தல, கடைசிப் பேரு வரைக்கும் சொன்னேன். வெளியூர்க்காரங்க மட்டும் கடைசி வரைக்கும் நின்னாங்க.

நீ கேட்ட பழி முழுசாக் கிடைச்சுருச்சு. ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும் கதவுல "இன்று இல்லை"ன்னு தொங்கவிடுறா. நான் லார்பேசாவுக்குப் போய் வாங்கிக்கிட்டு வரேன். பூசையில என் பெஞ்சுல யாரும் உக்கார்றதில்ல. பிஸேனோட தம்பி வீட்டுக்கு வந்து, "செத்தவனுக்கு வாய் இல்லன்னுதான பேசுற"ன்னு கேட்டுட்டுப் போனான். ஒரு நாள் காலையில என் வாசல்ல யாரோ செத்த நரி ஒண்ணை வீசிட்டுப் போயிருந்தாங்க. பழைய விஷ முறைதான், விறைச்சுக் கிடந்துச்சு. புதைச்சுட்டு அன்னைக்கும் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போனேன், பேரெல்லாம் சொன்னேன். உங்கப்பன் அந்தக் கோடையில எப்படி நடந்திருப்பான்னு இப்போ தெரியுது. அவன்மேல எனக்கு இரக்கம் வந்துச்சான்னு கேட்காத.

பறவைங்க போகல. எதிர்ச் சுவர்ல, நீ குறிச்ச பாதைக்குக் கீழ ஒரு பொந்து பார்த்திருக்குதுங்க. ரோமம் கொண்டுபோகுதுங்க.

போன வாரம் பார்சிலோனாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு பட்டியில நின்னு கேட்டா. "முதல்ல சொன்ன ஆளோட குடும்பத்துல யாராவது இருக்காங்களா, அவங்க என்ன சொல்றாங்க?"ன்னு. ஒரு பையன் இருக்கான், என்ன சொல்றான்னு பார்த்துச் சொல்றேன்னேன். வீட்டுக்கு வந்து நீ எழுதின கடிதாசி எல்லாத்தையும் எடுத்துப் பரப்பிப் படிச்சேன். ஊரே வச்சதுன்னு எழுதியிருக்க. நான் ஒரு பேரைத்தான் சொன்னேன்னு எழுதியிருக்க. மந்தை போச்சு, மேய்ச்சல் போச்சு, லிஃப்ட் இல்லன்னு எழுதியிருக்க. என் அப்பா வச்சார்னு மட்டும் ஒரு இடத்துலயும் இல்ல. அந்தப் பேரைக் கேக்கணுமேன்னுதான் நீ திறப்பு விழாவுக்கு வரல.

நான் என் புருஷன் பேரைச் சொல்லிட்டேன் உர்பெஸ். தினமும் சொல்றேன், அவன் கல்லறையைப் பார்த்துக்கிட்டே சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய கூட்டம் வருது. பட்டி வரைக்கும் நான் கூட்டிக்கிட்டு வருவேன். அங்க நான் வாயைத் திறக்க மாட்டேன். முதல் பேரை நீ வந்து சொல்லு.

ஒரோசியா